சிறிதாக்க நமக்கு உரிமை உண்டா?

பெரியவற்றைக் கட்டி எழுப்புவதில் மனிதனுக்கு ஆசை அதிகம். அந்த ஆசைக்குச் சற்றும் குறையாத இன்னோர் ஆசையும் அவனுக்கு உண்டு. பெரியவற்றைச் சிறிதாக்கி, கைக்குள் வைத்துப் பார்க்கும் ஆசையே அது. கோபுரத்தை எழுப்பிய கை அதே கோபுரத்தை ஒரு சாண் உயரத்தில் செய்து பார்த்து மகிழ்கிறது. படையை நடத்திய மனிதன் அந்தப் படையை ஈயத்தில் வார்த்து மேசைமேல் நிறுத்திக் களிக்கிறான்.

இந்த ஆசை இன்று உலகின் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. வரலாற்றில் வாழ்ந்த வீரர்கள், மன்னர்கள், உழவர்கள், குதிரைகள் ஆகியவற்றின் சிற்றுருவங்களை ஈயத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்து விற்கிறார்கள். வாங்குபவர் அவற்றின் பகுதிகளைப் பசையால் ஒட்டி, வார்ப்பில் எழுந்த பொருத்துக்கோடுகளை அரத்தால் தேய்த்து, அடிப்பூச்சுக் கொடுத்து, மயிரிழை போன்ற தூரிகையால் வண்ணம் தீட்டுகிறார். வீடுகள், கோட்டைகள், ஆலயங்கள் ஆகியவற்றையும் அட்டையாலும் மரத்தாலும் அவ்வாறே அமைக்கிறார். பள்ளி மாணவர் முதல் ஓய்வு பெற்ற பெரியவர் வரை இதில் மாலைப் பொழுதுகளைச் செலவிடுவோர் பலர்.

இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். மூன்று கேள்விகள் இருக்கின்றன. வளர்ந்த மனிதர் இவ்வாறு காலத்தைச் செலவிடுவது தகுமா? இரத்தம் சிந்திய போரை விளையாட்டுப் பொருளாக்குவது முறையா? இவ்விரண்டையும்விட ஆழமான கேள்வி மூன்றாவது: இறந்தவர்களின் வாழ்வை நம் விருப்பப்படி சிறிதாக்கி அமைக்க நமக்கு உரிமை உண்டா? உண்டென்றால், அந்த உரிமைக்கு எல்லை எது?

விளையாட்டு வீண் வேலையா?

முதற் கேள்விக்கு விடை காண்பது கடினமன்று. உழைப்பை மட்டுமே புண்ணியமாகவும் விளையாட்டைச் சோம்பலாகவும் எண்ணுவோர் நம்மிடையே உண்டு. திருச்சபையின் மாபெரும் அறிஞர் புனித தோமஸ் அக்குவினாஸ் அவ்வாறு எண்ணவில்லை. அவர் தமது இறையியல் தொகுப்பில் விளையாட்டைப் பற்றித் தனியாகவே ஆராய்கிறார். பண்டைத் துறவியர் கூறிவந்த ஒரு கதையையும் அங்கே எடுத்துக்காட்டுகிறார்.

திருத்தூதர் அருளப்பர் தம் சீடர்களுடன் விளையாடிக் கொண்டிருந்தாராம். கண்டவர் சிலர் இடறல் கொண்டனர். அவர்களுள் ஒருவன் கையில் வில் வைத்திருந்தான். அருளப்பர் அவனிடம் அம்பு எய்யச் சொன்னார். அவன் பலமுறை எய்தான். “இடைவிடாமல் இப்படியே எய்துகொண்டிருக்க முடியுமா?” என்று கேட்டார். “முடியாது, வில் ஒடிந்துவிடும்” என்றான். மனித மனமும் அத்தகையதே. தளர்த்தாமல் வளைத்தே வைத்திருந்தால் ஒடிந்து போகும் என்று அருளப்பர் விளக்கினாராம்.

உடலுக்கு ஓய்வு தேவைப்படுவது போல் உள்ளத்துக்கும் ஓய்வு தேவை. அந்த ஓய்வே விளையாட்டு என்பது அக்குவினாசின் முடிவு. ஆனால் அவர் மூன்று நிபந்தனைகளை விதிக்கிறார். விளையாட்டின் இன்பம் இழிவான செயலிலோ பிறருக்குத் தீங்கு தரும் செயலிலோ இருத்தலாகாது. மனத்தின் நிதானம் முழுவதும் குலைந்து போகலாகாது. ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் அது பொருந்தி இருத்தல் வேண்டும்.

சிற்றுருவம் தீட்டுபவர் இம்மூன்றையும் எளிதாகக் காத்துக்கொள்ளலாம். அவர் சீட்டாட்டத்தில் பணத்தைத் தொலைக்கவில்லை. குடித்துவிட்டு வந்து மனைவி மக்களை வாட்டவில்லை. பொறுமையையும் கைநிதானத்தையும் கற்றுக்கொள்கிறார். எனினும் மூன்றாவது நிபந்தனையை மறத்தலாகாது. அடுத்த அறையில் பிள்ளை பாடத்தில் ஐயம் கேட்கக் காத்திருக்கும்போது, குதிரையின் கடிவாளத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்பவர் வில்லைத் தளர்த்தவில்லை, வில்லைத் தொலைத்துவிட்டார்.

ஒளி சிறுத்துக் கொடுப்பதில்லை

இனி இக்கலையின் உள்ளே சென்று பார்ப்போம். பலருக்கும் பழக்கமான அளவுவிகிதங்களுள் ஒன்று 1:72. ஆறடி உயரமான மனிதன் இவ்விகிதத்தில் 25 மில்லிமீற்றருக்குச் சுருங்கிவிடுகிறான். ஏறக்குறைய ஓர் அங்குலம். அவனுடைய முகம் ஒரு பயறு அளவுதான்.

அந்த உருவத்துக்கு உண்மையான சீருடையின் நிறத்தை அப்படியே பூசினால் உயிரோட்டமாகத் தோன்றும் என்று புதிதாகத் தொடங்குபவர் எண்ணுவார். தோன்றாது. மனிதனை 72 மடங்கு சிறிதாக்கலாம்; அவன்மேல் விழும் ஒளியைச் சிறிதாக்க முடியாது. மெய்யான மேலங்கியின் மடிப்பில் ஆழமான நிழல் விழும். ஓர் அங்குலப் பொம்மையின் மடிப்பில் அத்தகைய நிழல் விழுவதில்லை. ஆகையால் தீட்டுபவர் நிழலையும் வண்ணத்தால் பூசவேண்டும். நீர்த்த கருநிறச் சாயத்தை மடிப்புகளுக்குள் ஓடவிடுகிறார். மேட்டுப் பகுதிகளில் வெளிறிய நிறத்தைத் தொட்டுத் தடவுகிறார். அப்போதுதான் துணி துணியாகவும் முகம் முகமாகவும் தெரிகிறது.

சிறிதாக்குதல் வெறும் படியெடுத்தல் அன்று என்பது இதனால் விளங்குகிறது. எங்கே நிழல் விழவேண்டும், எங்கே ஒளி விழவேண்டும் என்பதைச் செய்பவரே தீர்மானிக்கிறார். எதைக் காட்டுவது, எதை விட்டுவிடுவது என்பதும் அவர் கையில். தீர்மானம் எங்கே உண்டோ அங்கே பொறுப்பும் உண்டு. ஒழுக்கநெறி இந்தச் சிறு மேசையருகே வந்து நிற்பது இதனாலேயே.

மேசைமேல் நடக்கும் போர்

ஈயப் படைவீரர்கள் நெடுங்கால வரலாறு உடையவர்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் நூரெம்பேர்க் நகரத்துக் கைவினைஞர் தகடு போன்ற தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்து விற்றனர். 1893இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே குழிவான ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியபின், விலை குறைந்து, பொம்மைப் படைகள் சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன.

அத்தகைய வீரர்களைக் கொண்டு தரையில் விளையாடும் போருக்கு விதிகள் வகுத்து, 1913இல் ‘லிட்டில் வோர்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். விளையாட்டை விளக்கிய பின்னர் நூலின் இறுதியில் அவர் போரையே கண்டிக்கிறார். பொம்மைப் போரிலேயே இத்தனை குழப்பமும் தடுமாற்றமும் என்றால், உயிருள்ள மனிதரைக் கொண்டு நடத்தும் போர் எத்துணை மூடத்தனம் என்பது அவர் வாதம். உயர்ந்த எண்ணந்தான். ஆனால் அடுத்த ஆண்டே, 1914இல், முதலாம் உலகப் போர் மூண்டது. அதே வெல்ஸ் அந்தப் போரை ஆதரித்து எழுதினார். பொம்மைப் போர் மெய்ப் போரைத் தடுக்கும் என்ற நம்பிக்கையை அதன் ஆசிரியராலேயே காப்பாற்ற முடியவில்லை.

அப்படியானால் பொம்மைப் போர் மனிதனை மெய்ப் போருக்குப் பழக்குகிறதா? அவ்வாறு கூறுவதும் மிகையாகும். ஈய வீரர்களோடு வளர்ந்து சாந்தமாக வாழ்ந்து மறைந்தவர் எண்ணற்றோர். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மேசையருகே நிற்பவர் எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கிறார். எவன் முன்னேறுவான், எவன் விழுவான் என்பதை அவரே நிர்ணயிக்கிறார். விழுந்தவனை மீண்டும் எடுத்து நிறுத்துகிறார். ஓலம் இல்லை, பிணவாடை இல்லை, மகன் திரும்பி வருவானா என்று வாசலில் காத்திருக்கும் தாயும் இல்லை. கொடி இருக்கிறது, முரசு இருக்கிறது, பளபளக்கும் சீருடை இருக்கிறது. சிறிதாக்கும்போது முதலில் கழன்று விழுவது துன்பமே.

இதை நம் மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் வீட்டையும் உறவையும் இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கீழே பதுங்கு குழியில் இருந்தவனுக்குத் தெரிந்த போர் வேறு. வரைபடத்தில் அம்புக்குறி இட்டவனுக்குத் தெரிந்த போர் வேறு. இரண்டாவது பார்வை மட்டுமே போர் என்று ஒரு பிள்ளை எண்ணி வளருமானால், அந்தப் பிள்ளைக்குப் பொம்மை தீங்கு செய்துவிட்டது. அதே பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, “இவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும் அல்லவா?” என்று தந்தை கேட்பாரானால், பொம்மையே பாடமாகிவிடும்.

வோட்டர்லூவைச் சிறிதாக்கிய மனிதர்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். இதற்கு விடை தேடுவோருக்கு வில்லியம் சைபோர்ன் என்னும் பிரித்தானிய இராணுவ அதிகாரியின் கதை மிகவும் பயன்படும்.

1815 யூன் 18ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள வோட்டர்லூவில் நெப்போலியன் தோற்கடிக்கப்பட்டான். அந்த ஒரே நாளில் மாண்டவரும் காயமுற்றவருமாக ஏறக்குறைய 45,000 முதல் 50,000 பேர் அவ்வயல்களில் கிடந்தனர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1830இல், அந்தப் போர்க்களத்தின் மாதிரியுரு ஒன்றை அமைக்கும் பணி சைபோர்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அப்போரில் பங்குபற்றியவர் அல்லர். ஆகவே மிகுந்த அக்கறையோடு உண்மையைத் தேடினார். போர்க்களத்தின் நடுவே இருந்த லா ஹேய் செயின்ட் பண்ணை வீட்டில் எட்டு மாதங்கள் தங்கி நிலத்தின் மேடு பள்ளங்களை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். மாலை ஏறக்குறைய ஏழு மணியளவில் உமது படைப்பிரிவு எங்கே நின்றது, எவ்வாறு அணிவகுத்திருந்தது, எதிரே யார் நின்றனர், வயலில் என்ன பயிர் நின்றது என்றெல்லாம் கேட்டார். நூற்றுக்கணக்கான மறுமொழிகள் வந்து குவிந்தன.

இடையில் அரசு பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. சைபோர்ன் தம் சொந்தப் பொறுப்பில் வேலையைத் தொடர்ந்து கடனாளியானார். 1838இல் இலண்டனில் அந்த மாதிரியுரு காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒரு மைலை ஒன்பது அடியாகச் சுருக்கிய அக்களத்தில் 70,000க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு உலோக வீரர்கள் நின்றார்கள். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. நெப்போலியனை எதிர்த்து நின்றவை வெலிங்டன் கோமகனின் படையும், பிற்பகலில் வந்து சேர்ந்த புரூசியரின் படையும். சைபோர்ன் திரட்டிய சான்றுகளின்படி, மாலை ஏழு மணியளவில் புரூசியர் பெருந்தொகையாகக் களத்தில் நின்று போரிட்டனர். மாதிரியுருவைப் பார்ப்பவருக்கு வெற்றியில் அவர்களுடைய பங்கு பெரிதாகத் தெரிந்தது. வெலிங்டனுக்கும் அவரைச் சூழ்ந்தவர்களுக்கும் இது உவப்பாக இல்லை. நாட்டின் மாபெரும் வீரராகப் போற்றப்பட்டவர் அவர். சைபோர்னோ ஒரு சாதாரண அதிகாரி. கடைசியில் புரூசிய வீரர்களின் உருவங்களில் பெரும்பகுதியைச் சைபோர்ன் தம் கையாலேயே களத்திலிருந்து அகற்றிவிட்டார். கருத்து மாறி அகற்றினாரா, நெருக்கடிக்குப் பணிந்து அகற்றினாரா என்பதை வரலாற்றாசிரியர் இன்றும் விவாதிக்கின்றனர். 1849இல் அவர் காலமானார்.

அந்த மாதிரியுரு இன்று இலண்டன் செல்சியில் உள்ள தேசிய இராணுவ நூதனசாலையில் இருக்கிறது. புரூசியர் அங்கே குறைவாகத்தான் நிற்கிறார்கள். ஆனால் அதிகாரிகள் எழுதிய கடிதங்கள் அழியவில்லை. அவருடைய மகன் 1891இல் அவற்றில் ஒரு தொகுதியை நூலாக வெளியிட்டார். ஈய உருவங்களைப் பெயர்த்தெடுக்க முடிந்தது; நடந்ததைப் பெயர்த்தெடுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இத்துணை கவனமாக உண்மையைத் தேடிய சைபோர்ன் கடிதம் எழுதியது அதிகாரிகளுக்கே. வரிசையில் நின்று குண்டடிபட்ட சாதாரண வீரனை யாரும் அவ்வாறு தேடிச்சென்று கேட்கவில்லை. உண்மையை நாடுபவனும் யாரிடம் கேட்பது என்பதிலேயே சிலரை மறந்துவிடக் கூடும்.

ஒரு தந்தை கட்டிய நகரம்

இக்கதைக்கு மறுபுறமாக இன்னொன்றைக் கூறலாம். யெருசலேமில் ஹோலிலாண்ட் என்னும் விடுதியை நடத்திவந்த ஹான்ஸ் குரோக் என்பவரின் மகன் யாக்கோபு 1948ஆம் ஆண்டுப் போரில் மாண்டான். மகனின் நினைவாக அந்தத் தந்தை, கி.பி. 70இல் உரோமையரால் அழிக்கப்படுவதற்கு முன் இருந்த யெருசலேம் நகரத்தைச் சிறிய அளவில் கட்டுவிக்க விரும்பினார். தொல்லியல் அறிஞர் மைக்கல் அவி-யோனா அதனை வடிவமைத்தார். 1966இல் அது திறந்து வைக்கப்பட்டது. அளவுவிகிதம் 1:50. மதில்கள், கோபுரங்கள், தெருக்கள், நடுவே ஏரோது மன்னன் புதுப்பித்த ஆலயம் என ஒரு நகரமே அங்கு எழுந்தது. நம் ஆண்டவர் நடந்த தெருக்களைக் கண்முன் கொண்டுவரும் அமைப்பு அது. 2006இல் அதனை இஸ்ரேல் நூதனசாலைக்கு இடம் மாற்றினார்கள்.

போரில் மகனை இழந்த ஒருவர் போர்க்களத்தை அமைக்கச் சொல்லியிருக்கலாம். மகனுக்குச் சிலை எழுப்பியிருக்கலாம். அவர் மக்கள் வாழ்ந்த ஒரு நகரத்தைக் கட்டுவித்தார். துயரம் கொண்ட உள்ளத்துக்குச் சிறிதாக்கும் வேலை எவ்வாறு ஆறுதலாகிறது என்பதற்கு இது நல்ல சான்று. கைவிட்டுப் போனதை மீட்க முடியாது. ஆனால் அழிந்துபோன ஒன்றைக் கவனத்தோடு கல்மேல் கல்லாக மீண்டும் அடுக்க முடியும்.

நம் கேள்விக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் உண்டு. அந்த மாதிரி நகரம் கட்டி முடிக்கப்பட்ட பின்னும் யெருசலேமில் அகழ்வாய்வுகள் தொடர்ந்து நடந்தன. மண்ணுக்கடியிலிருந்து புதிய உண்மை வெளிவந்தபோது, மாதிரியுருவின் சில பகுதிகளையும் அதற்கேற்பத் திருத்தினார்கள். சைபோர்னின் களமும் திருத்தப்பட்டது. இந்த நகரமும் திருத்தப்பட்டது. முன்னதில் திருத்தம் பெரியவர்களின் மனத்துக்கு இசைந்து வந்தது. பின்னதில் மண்ணடியிலிருந்து எழுந்த உண்மைக்கு இசைந்து வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். ஒழுக்கநெறியின் பார்வையில் இரண்டுக்கும் இடையே பெரும் பள்ளம் இருக்கிறது.

நம் வீட்டுக் குடில் பொய்யா?

இவ்விடத்தில் ஒரு வாசகர் மறித்துக் கேட்கலாம்: “நத்தார் காலத்தில் நாம் ஒவ்வொரு வீட்டிலும் பாலன் குடில் கட்டுகிறோமே, அதுவும் சிற்றுருவக் கலைதானே? சீமெந்துப் பைக் கடதாசியைக் கசக்கி மலை செய்கிறோம். பயறு முளைக்க விட்டுப் புல்வெளி அமைக்கிறோம். பெத்லெகேமில் தென்னை மரத்தையும் நட்டுவிடுகிறோம். உண்மை தவறலாகாது என்றால், இது பொய்யாகாதா?”

நியாயமான கேள்வி. குடிலின் வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரேச்சியோ என்னும் ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி இயேசு பிறப்பின் காட்சியை மக்கள் கண்முன் வைத்தார். பிற்காலத்தில் உருவங்களால் குடில் அமைக்கும் வழக்கம் பரவியது. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அது பெருங்கலையாக வளர்ந்தது. அந்நகரக் கைவினைஞர் பாலன் இயேசுவைச் சுற்றித் தம் நகரத்து மக்களையே நிறுத்தினார்கள். மீன் விற்பவர், பழக்காரி, உணவுக்கடைக்காரர், இசைக்கலைஞர், பிச்சைக்காரர் என எல்லாரும் அங்கே வந்துவிட்டார்கள். அந்நகரின் சன் மார்த்தினோ நூதனசாலையில் 1879 முதல் வைக்கப்பட்டிருக்கும் பெருங்குடிலை இன்றும் காணலாம்.

அந்தக் கைவினைஞர் யாரையும் ஏமாற்றவில்லை. நேப்பிள்ஸ் மீன்காரர் பெத்லெகேமில் நின்றார் என்று எவரும் நம்பப் போவதில்லை; நம்பும்படி அவர்கள் கேட்கவும் இல்லை. ‘அவர் எங்களுக்காகவும் பிறந்தார்’ என்பதையே அவர்கள் களிமண்ணாலும் துணியாலும் கூறினார்கள். வரலாற்றை எடுத்துரைப்பதாகக் கூறிக்கொண்டு அதனை மாற்றுவது வேறு. வேண்டுதலாக ஓர் உருவத்தை முன்வைப்பது வேறு. நம் குடிலில் நிற்கும் தென்னையும் அத்தகைய வேண்டுதலே.

மேலும், நேப்பிள்ஸ் குடில் யாரையும் வெளியேற்றவில்லை. மற்ற இடங்களில் யாரும் உருவம் செய்து வைக்காத பழக்காரியையும் பிச்சைக்காரரையும் அது உள்ளே அழைத்தது. இடம் கொடுப்பதற்காகக் கூட்டுவதில் தாராளம் காட்டலாம். இருந்தவரை இல்லை என்று எடுத்துவிடுவதில்தான் அநீதி பிறக்கிறது.

உரிமையும் எல்லையும்

ஆகவே நம் கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம். சிறிதாக்க நமக்கு உரிமை உண்டு. அளவு நம்முடையது, பொருள் நம்முடையது, நேரமும் நம்முடையது. அங்கே வாழ்ந்து மறைந்தவர்களைப் பற்றிய உண்மை மட்டும் நம்முடையதன்று. அதை இறந்தவர்கள் நம்மிடம் ஒப்படைத்துச் சென்றிருக்கிறார்கள். எழுந்து வந்து, “நான் அங்கே நின்றேனே, என்னை ஏன் எடுத்துவிட்டாய்?” என்று அவர்களால் கேட்க முடியாது. கேட்க முடியாதவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய நீதியே மிகக் கடினமானது.

இது ஈய வீரர்களோடு முடிந்துவிடும் காரியமன்று. ஊரின் வரலாற்றை எழுதுபவரும், பங்கின் ஆண்டுமலரைத் தொகுப்பவரும், பேரப்பிள்ளைக்குப் பழங்கதை சொல்லும் பாட்டனும் ஒரு பெரிய வாழ்வைச் சிறிதாக்கியே கொடுக்கிறார்கள். கோவில் கட்டிய கதையில் பணம் கொடுத்தவரின் பெயர் இருக்கும். கல் சுமந்தவரின் பெயர் இருக்காது. போர் நடந்த கதையில் நம்மவர் பட்ட துன்பம் இருக்கும். அடுத்தவர் பட்ட துன்பம் இருக்காது. சைபோர்னின் மேசையிலிருந்து புரூசியரை அகற்றிய கையைக் குறைகூறும் நாம், நம் கதைகளிலிருந்து யார் யாரை அகற்றியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை அட்டையால் வீடு கட்டினாலும், களிமண்ணால் மனிதர் செய்தாலும், வீண் வேலை என்று தட்டிவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, “இந்த வீட்டில் யார் இருந்தார்கள்? அவர்கள் என்ன வேலை செய்தார்கள்? இங்கே இன்னும் யார் நிற்க வேண்டும்?” என்று கேளுங்கள். பிள்ளைக்குத் தெரியாவிட்டால் முதியவர் ஒருவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். தவறென்று தெரிந்தால் பிரித்து மீண்டும் ஒட்டப் பழக்குங்கள். ஒட்டியதைப் பிரிக்கும் துணிவு சிறுவயதில் வராவிட்டால் பிற்காலத்தில் வருவது அரிது. அந்தத் துணிவு அட்டை வீட்டுக்கு மட்டுமல்ல, பிள்ளை நாளை ஊருக்கும் உலகுக்கும் சொல்லப்போகும் கதைகளுக்கும் தேவைப்படும்.